எல்லைக் கிராமத்துச் சாட்சியும் இடம் மாறும் நீதிபதியும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில், கொழிஞ்சாம்பாறைக்கு முன்பாக வருகிற ஊராட்சி எலப்புள்ளி. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் பகுதி அது. அங்கே ஒரு வரப்புத் தகராறு முற்றினால் அது பாலக்காட்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போகும். அடிதடியானால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் போகும். கொலை, கொள்ளை என்றால் செஷன்ஸ் நீதிமன்றம். அங்கே தோற்றவர் எர்ணாகுளத்தில் இருக்கும் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே டெல்லி. இந்திய நீதித்துறையின் இந்த ஏணி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் கீழ்ப்படிக்கும் மற்றப் படிகளுக்கும் இடையிலுள்ள ஒரு வேறுபாட்டைச் சட்டப் புத்தகங்கள் சொல்லும் அளவுக்குப் பொது விவாதம் சொல்வதில்லை. சாட்சி வாய் திறப்பது கீழ்ப்படியில் மட்டுமே. மேலே இருப்பவர்கள் எல்லோரும் அவர் சொன்னதாக எழுதப்பட்ட காகிதத்தைப் படிக்கிறார்கள். ஆகவே அந்தக் காகிதம் எந்த மொழியில், யார் கையால், யார் காதின் வழியாக உருவாகிறது என்பது நீதிமன்ற அமைப்பைப் பற்றிய முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டும். மாநில எல்லையை ஒட்டிய கிராமங்களில் அந்தக் கேள்விக்கு நம் அமைப்பு இன்னும் ஒழுங்கான பதில் வைத்திருக்கவில்லை என்பதும், பதிலுக்கு வேண்டிய சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த எல்லைப் பகுதியின் நீதிமன்ற வரலாறு ஒரே வேரிலிருந்து வந்ததல்ல. பாலக்காடு, 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கிருந்து மேல்முறையீடுகள் 1862இல் தொடங்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயின. பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தின் பகுதி. அதன் வழக்குகள் கொச்சி அரசின் நீதிமன்றங்களில் நடந்தன. இடுக்கியின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் மலைப்பகுதிகள். 1877இல் பூஞ்சாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலைகளை எழுதிக் கொடுத்த பிறகு தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அந்தத் தோட்டங்களுக்கு ஏறிப் போனார்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்த மூன்று வேர்களும் ஒரே மாநிலத்துக்கும் எர்ணாகுளத்தில் அமைந்த ஒரே உயர்நீதிமன்றத்துக்கும் கீழே வந்தன. மாநில மறுசீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்திலேயே வைத்தது. அந்த முடிவு சரியா, தவறா என்பதை இங்கே கிளற வேண்டியதில்லை. எங்கே கோடு போட்டிருந்தாலும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுத்த மொழிக்காரர்கள் இருந்திருப்பார்கள். நிர்வாகத்தின் எல்லை கோடாக இருக்க முடியும். பேச்சின் எல்லை அப்படி இருப்பதில்லை.

கோடு போட்ட பிறகு நீதிபதிகள் எப்படி வருகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அரசமைப்பின் 233ஆம் உறுப்பு மாவட்ட நீதிபதிகளை ஆளுநர் உயர்நீதிமன்றத்தைக் கலந்து நியமிக்கச் சொல்கிறது. 234ஆம் உறுப்பு அதற்குக் கீழுள்ள நீதிபதிகளின் நியமனத்தைப் பற்றியது. நியமனத்துக்குப் பிறகு பணியிடம், பதவி உயர்வு, விடுப்பு எல்லாம் 235ஆம் உறுப்பின்படி உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. இதன் நோக்கம் தெளிவானது. ஒரு முன்சீப்பின் இடமாற்றம் அமைச்சரின் கையிலோ மாவட்ட ஆட்சியரின் கையிலோ இருந்தால், அரசுக்கு எதிரான தீர்ப்பை எழுதும் கை நடுங்கும். 2025 மே மாதம் உச்சநீதிமன்றம், கீழ்நிலை நீதிபதிப் பணிக்கு விண்ணப்பிக்கிறவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற விதியை மீட்டதும் இதே அக்கறையின் இன்னொரு முகம்: கூண்டில் நிற்பவரின் நிலையைக் கண்ணால் பார்த்தவரே மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பது. தேர்வில் வென்றவர் பயிற்சி முடித்து ஒரு நீதிமன்றத்துக்குப் போகிறார். பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றப்படுகிறார். காசர்கோட்டில் இருந்தவர் சித்தூருக்கு வரலாம், சித்தூரில் இருந்தவர் கொல்லத்துக்குப் போகலாம்.

இந்த இடமாற்ற முறையை நான் குறைசொல்லவில்லை. ஊரில் வேரூன்றிப்போன நீதிபதி ஊரின் சாய்வுகளிலும் வேரூன்றிவிடுவார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வந்தார் என்ற கணக்கு நீதிமன்றத்துக்குள் நுழையக் கூடாது. ஆனால் இந்த முறை ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: மாநிலத்துக்குள் எந்த மூலைக்குப் போனாலும் மக்கள் பேசும் மொழி நீதிபதிக்குப் புரியும் என்பது. கோழிக்கோட்டுக்கும் ஆலப்புழைக்கும் அது பொருந்தும். எலப்புள்ளிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் மூணாறு எஸ்டேட் லயங்களுக்கும் அட்டப்பாடியின் இருளர் ஊர்களுக்கும் பொருந்தாது. மேலே உயர்நீதிமன்றத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 348ஆம் உறுப்பின்படி அங்கே ஆங்கிலம் நடக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த எஸ். மணிக்குமார் 2019 முதல் 2023 வரை கேரள உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக எந்தத் தடையும் இல்லாமல் பணியாற்றினார். ஆவணங்கள் மொழிபெயர்ந்து வருகிற மேல்படியில் தமிழ் தெரிந்த நீதிபதி இருக்கலாம். சாட்சி நேரடியாகப் பேசுகிற கீழ்ப்படியில் தமிழ் தெரிந்தவர் இருப்பது தற்செயல். தேவை எங்கே அதிகமோ அங்கே ஏற்பாடு குறைவு.

சட்டம் இதை அறியாமல் எழுதப்படவில்லை. உயர்நீதிமன்றம் தவிர்த்த நீதிமன்றங்களின் மொழியை முடிவுசெய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 272ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 307ஆம் பிரிவாகத் தொடரும் விதி அது. மாநிலத்துக்குள் உள்ள ஒவ்வொரு நீதிமன்றத்தின் மொழியையும் அரசு முடிவுசெய்யலாம் என்று அது சொல்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே முடிவு என்று கட்டாயம் இல்லை. நீதிமன்றம் நீதிமன்றமாக முடிவெடுக்க இடமிருக்கிறது. உரிமையியல் வழக்குகளில் 1908ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 137ஆம் பிரிவும் இதே அதிகாரத்தைத் தருகிறது. சாட்சியப் பதிவைப் பொறுத்தவரை சன்ஹிதாவின் 312ஆம் பிரிவு மூன்று வழிகள் காட்டுகிறது. சாட்சி நீதிமன்ற மொழியில் பேசினால் அதே மொழியில் எழுத வேண்டும். வேறு மொழியில் பேசினால், முடிந்தவரை அந்த மொழியிலேயே எழுதலாம். முடியாவிட்டால் சாட்சி பேசப் பேசவே நீதிமன்ற மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பு தயாராக வேண்டும். அதில் நீதிபதி கையெழுத்திட வேண்டும். 2023 ஜனவரியில் நயீம் அகமது வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த விதியின் பழைய வடிவத்தை எடுத்து வைத்துப் பேசியது. டெல்லி விசாரணை நீதிமன்றத்தில் தாய்மொழியில் பேசிய சாட்சிகளின் சொற்கள் ஆங்கிலத்தில் மட்டும் பதிவாகியிருந்ததைக் கண்டு, சாட்சியின் சொல்லும் அதன் தொனியும் அவர் பேசிய மொழியில் இருந்தால்தான் சரியாக எடைபோட முடியும் என்று அந்த அமர்வு வலியுறுத்தியது. ஆக, நாட்டின் உச்ச மன்றமே பிரச்சினையை ஒப்புக்கொண்டிருக்கிறது.

பிரச்சினை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். கூண்டில் நிற்கும் தமிழ் சாட்சி, ‘வந்து அடிச்சாங்க’ என்கிறார். தமிழில் வினையின் முடிவே ஆள் யார் என்பதைச் சொல்லிவிடும்: அடிச்சான் என்றால் ஓர் ஆண், அடிச்சா என்றால் ஒரு பெண், அடிச்சாங்க என்றால் பலர், அல்லது மரியாதைக்குரிய ஒருவர். எழுவாய் இல்லாமலேயே சாட்சி ஒரு செய்தி சொல்லிவிட்டார். மலையாள வினை இதைச் சுமப்பதில்லை. ஒருவர் அடித்தாலும் பத்துப் பேர் அடித்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும் ‘அடிச்சு’தான். சாட்சி சொன்னதை வினையளவில் மலையாளத்தில் எழுதினால் எண்ணிக்கை மறைகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் எழுவாய் கட்டாயம் வேண்டும். அப்போது எழுதுகிறவர் ஒருவரா பலரா என்று தாமே முடிவுசெய்து எழுத வேண்டும். குற்றவியல் சட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல. பொது நோக்கத்தோடு பலர் செய்த செயலா, ஒருவர் செய்ததா என்பது தண்டனையைத் தீர்மானிக்கும். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூடினார்களா என்பதில்தான் சட்டவிரோதக் கூட்டம் என்ற குற்றமே நிற்கிறது. தவிர, அந்த ‘ங்க’ மரியாதைக்குச் சொன்னதா, கூட்டத்தைச் சொன்னதா என்று தமிழ் கேட்டுப் பழகியவருக்கு உடனே ஒரு கேள்வி தோன்றும், ‘எத்தனை பேர்?’ என்று திருப்பிக் கேட்பார். பழகாதவருக்குக் கேள்வியே தோன்றாது. கேட்கப்படாத அந்தக் கேள்வி பிறகு எந்த மேல்முறையீட்டிலும் கேட்கப்படப் போவதில்லை.

கூண்டுக்கு வருவதற்கு முன்பே இன்னொரு மொழிபெயர்ப்பு நடந்து முடிந்திருக்கும். காவல் நிலையத்தில் சாட்சி தமிழில் சொன்னதைக் காவலர் மலையாளத்தில் எழுதுகிறார். அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். காவல்துறை தான் விரும்பியதை அவர் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்கான நல்ல விதி. ஆனால் விசாரணையின்போது அந்த மலையாள வாக்கியத்தை எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்கிறார். காவலரிடம் இப்படிச் சொன்னாய், இங்கே வேறாகச் சொல்கிறாய் என்பது அவருடைய கேள்வி. அதற்கு அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அதுதான் அவர் தொழில். ஆனால் முரண் சாட்சியின் மனதில் இருந்ததா, இரண்டு மொழிபெயர்ப்புகளுக்கு நடுவில் முளைத்ததா என்பதைப் பிரித்துக் காட்டும் பதிவு எங்கும் இல்லை. உண்மை சொன்னவர் தடுமாறுகிறார். தடுமாறியவர் பொய்யர் என்று எழுதப்படுகிறார். இதன் விலையை எப்போதும் பாதிக்கப்பட்டவர் மட்டும் கொடுப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தமிழ் மட்டும் தெரிந்தவராக இருந்தால், தன் மீது சொல்லப்படும் ஒவ்வொரு சாட்சியத்தையும் அவர் புரிந்துகொள்ளும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் விளக்க வேண்டும் என்று சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு சொல்கிறது. விளக்கப்பட்டதா, எப்படி விளக்கப்பட்டது என்பதற்கும் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்பைத் தாண்டிச் சான்று இருக்காது.

மேல் நீதிமன்றம் திருத்திவிடாதா என்று கேட்கலாம். திருத்துவது கடினம் என்பதை வரலாறு காட்டுகிறது. பர்மாவிலிருந்து போன அப்துல் ரகுமான் வழக்கில், 1927ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவான பிரிவி கவுன்சில் தீர்ப்பு, சாட்சியத்தை எழுதிய பின் சாட்சிக்கு வாசித்துக் காட்டத் தவறியது மட்டுமே விசாரணையை ரத்தாக்கிவிடாது, நீதி பிறழ்ந்தது என்று காட்டினால்தான் தலையிட முடியும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்புக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு நடைமுறைச் சறுக்கலுக்கும் விசாரணையை முதலிலிருந்து தொடங்கினால் எந்த வழக்கும் முடியாது. ஆனால் மொழித் தவறைப் பொறுத்தவரை இந்தக் கோட்பாடு ஒரு பூட்டாகிவிடுகிறது. நீதி பிறழ்ந்தது என்று நிரூபிக்கச் சாட்சி உண்மையில் என்ன சொன்னார் என்று காட்ட வேண்டும். அவர் சொன்னது தமிழில் எங்குமே பதிவாகாதபோது எதைக் காட்டுவது? இருக்கிற ஒரே சான்று, எதன் மீது சந்தேகமோ அந்தக் காகிதமேதான். ஆகவே மொழிப் பிழையை முதல் நாளில் தடுக்க வேண்டும். பிற்பாடு பிடிக்க முடியாது.

முதல் ஆட்சேபம் இந்தப் பகுதியை நன்றாக அறிந்தவர்களிடமிருந்தே வரும்: எலப்புள்ளிக்காரருக்கு மலையாளம் தெரியாதா? பஸ்ஸில், கடையில், ரேஷனில், பஞ்சாயத்து அலுவலகத்தில் அவர் மலையாளம் பேசுகிறாரே? பேசுகிறார். பலருக்கு இரண்டு மொழியும் சமமாக வரும். ஆனால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். சந்தையில் விலை பேசும் அளவு வேறு, பயிற்சி பெற்ற வக்கீல் வளைத்துக் கேட்கும் எதிர்மறைக் கேள்விக்குச் சிக்காமல் பதில் சொல்லும் அளவு வேறு. இங்கே சாதி, வர்க்கம் சார்ந்த ஒரு மறைவும் இருக்கிறது. பாலக்காட்டுத் தமிழ் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது அக்ரகாரங்கள். அங்கிருந்து வந்தவர்கள் சட்டத் துறையில் உயரம் தொட்டார்கள். 1915இல் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தின் சட்ட அமைச்சரானார், 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார், 1973 முதல் 1980 வரை உச்சநீதிமன்றத்தில் இருந்தார். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் நடமாடிய அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, பாலக்காட்டுத் தமிழருக்கு மொழிச் சிக்கல் ஏது என்று நினைப்பது எளிது. கிழக்குப் பாலக்காட்டின் விவசாயக் கூலிகள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், மாடு மேய்ப்பவர்கள் அந்த வட்டத்தில் இல்லை. கூண்டில் ஏறி நிற்பவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

இரண்டாவது ஆட்சேபம் எண்ணிக்கையைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் ஒன்றரை விழுக்காடு. இவ்வளவு சிறிய தொகைக்குத் தனி ஏற்பாடு எதற்கு? நிர்வாகத்தில் இந்தக் கேள்விக்கு இடமுண்டு. மறுசீரமைப்பு ஆணையம் விழுக்காட்டுக் கணக்கில்தான் யோசித்தது: ஒரு மாவட்டத்தில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் சிறுபான்மை மொழியினர் இருந்தால் அங்கே அவர்கள் மொழியில் நிர்வாகம் என்பது போல. கேரள அரசும் தாராளமாகவே நடந்தது. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழி ஆக்கியபோதே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று உறுதி தந்தது. பல மாநிலங்கள் செய்யாததைக் கேரளம் சட்டமாகவே எழுதி வைத்தது. அதைப் பாராட்டாமல் மேலே போவது நேர்மையாகாது. ஆனால் அந்த உறுதி அரசு அலுவலகங்களோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தைப் பற்றியது. நீதிமன்றம் அரசு அலுவலகம் அல்ல. வருவாய் அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதும் உரிமை உள்ளவர், அதே நிலத்தைப் பற்றிய வழக்கில் தமிழில் சொன்ன சாட்சியத்தைத் தமிழிலேயே பதிவுசெய்யக் கோரும் உறுதியைப் பெறவில்லை. மேலும் விழுக்காடு என்பது நீதிமன்றத்துக்குப் பொருந்தாத அளவுகோல். அலுவலகம் ஒரு மக்கள்தொகைக்குச் சேவை செய்கிறது. நீதிமன்றம் ஒருமுறைக்கு ஒரு மனிதரை விசாரிக்கிறது. நூறு பேரில் ஒருவர் தமிழ் பேசுகிறார் என்றால், அந்த ஒருவரின் வழக்கில் தமிழ் நூறு விழுக்காடு.

இதே வட்டாரத்தில் நடந்த ஒரு பெரிய வழக்கு இன்னொரு கோணத்தைத் திறக்கிறது. சித்தூர் வட்டத்தின் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை. அங்கே 2000இல் தொடங்கிய கோக்கா கோலா ஆலையின் நிலத்தடி நீர் உறிஞ்சலை எதிர்த்துப் பழங்குடிப் பெண்கள் போராட, ஊராட்சி உரிமத்தை நிறுத்த, வழக்கு உயர்நீதிமன்றம் போனது. 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதி அமர்வு அதை மாற்றி நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆலை அதற்கு முன்பே, 2004 மார்ச்சில் நின்றுபோயிருந்தது. இந்த வழக்கு ரிட் மனு. ரிட் வழக்கில் கூண்டு கிடையாது. பிரமாண வாக்குமூலங்களும் நிபுணர் அறிக்கைகளும்தான். கிணறு கெட்டுப்போன பெண்கள் தங்கள் வாயால் சொன்னதை நீதிபதி கேட்கும் தருணம் அந்த நடைமுறையில் இல்லவே இல்லை. பின்னர் அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் சேதத்தைச் சுமார் 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதைத் தனித்தனியாக விசாரித்து இழப்பீடு வழங்க ஒரு தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று கேரளச் சட்டமன்றம் 2011இல் மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பாயம் அமைந்திருந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தங்கள் கிணறு, பயிர், மாடு, உடம்பு பற்றிச் சாட்சி சொல்லியிருப்பார்கள். தமிழ் கலந்த பேச்சில் சொல்லியிருப்பார்கள். நீதிமன்ற அமைப்பு என்பது எத்தனை கட்டடம், எத்தனை நீதிபதி என்ற கணக்கு மட்டுமல்ல. பாதிக்கப்பட்டவரின் பேச்சு எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைகிறது, நுழையும்போது அது என்னவாகிறது என்பதும் அமைப்புதான்.

மக்களுக்கு அருகில் நீதியைக் கொண்டுவர 2008இல் இயற்றப்பட்ட கிராம நியாயாலயச் சட்டமும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. நீதிபதி ஊருக்கே வர வேண்டும், நடைமுறை எளிமையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் அந்தச் சட்டம், நடவடிக்கைகளும் தீர்ப்பும் முடிந்தவரை மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஆங்கிலம் அல்லாத ஒன்றில் இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தை விலக்கி மக்கள் மொழியைக் கொண்டுவரும் நல்லெண்ணம்தான் அது. கேரளத்தில் அதன் பொருள் மலையாளம் என்றாகிறது. எல்லைக் கிராமத்தில் அந்த நல்லெண்ணம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மூன்றாவது ஆட்சேபம் உணர்வு சார்ந்தது, ஆகவே மரியாதையோடு அணுக வேண்டியது. நீதிமன்றத்தில் மலையாளத்துக்கு இடம் கிடைப்பதே நீண்ட போராட்டம். ஆங்கிலத்தின் பிடி இன்னும் தளரவில்லை. அதற்குள் இன்னொரு மொழியைக் கொண்டுவந்தால் மலையாளத்தின் இடம் நழுவாதா என்ற கவலை கேரளத்தின் மொழி ஆர்வலர்களுக்கு வரலாம். இந்தக் கவலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. உச்சநீதிமன்றத்தின் ஒப்புதல் கிடைக்காமல் அது நின்றுபோனது. ஆனால் மலையாளம் ஏன் நீதிமன்றத்தில் வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும் பதில் இதுதான்: வழக்காடும் சாமானியருக்கு நடப்பது புரிய வேண்டும். அந்தப் பதில் உண்மையானால், எலப்புள்ளியில் அதே பதில் தமிழையும் கேட்கும். இதே கணக்கைத் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் போட வேண்டும். கூடலூரிலும் பந்தலூரிலும் மலையாளம் பேசுபவர், ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர் தமிழ் நீதிமன்றத்தில் நிற்கும்போது அவர் நிலைமை இதுவே. தமிழ்நாட்டு நீதித்துறைத் தேர்வில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே சாட்சியங்களை மொழிபெயர்க்கும் தாள் இருக்கிறது. மூன்றாவது மொழிக்கு அங்கேயும் இடமில்லை. கேரளத்திடம் கேட்கிற நியாயத்தைத் தமிழ்நாடு தன் எல்லைகளில் முதலில் செய்து காட்டினால் கோரிக்கைக்கு எடை கூடும்.

வெளியில் பார்த்தால் இலங்கையின் அனுபவம் இரட்டைப் பாடம். 1988இல் வந்த பதினாறாவது திருத்தத்துக்குப் பின் அந்நாட்டு அரசமைப்பின் 24ஆம் உறுப்பு, வழக்காளியோ குற்றம் சாட்டப்பட்டவரோ நீதிமன்ற மொழியை அறியாதவராக இருந்தால் சிங்களத்திலோ தமிழிலோ மொழிபெயர்ப்பையும் உரைபெயர்ப்பையும் அரசே தர வேண்டும் என்று உரிமையாகவே எழுதியிருக்கிறது. நீதிபதிக்கும் அதே உரிமை உண்டு என்பது கவனிக்கத்தக்கது. மொழி தெரியாமை நீதிபதியின் குறையாக அல்ல, அமைப்பு நிரப்ப வேண்டிய இடைவெளியாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் போதிய மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாததால் கொழும்பிலும் தெற்கிலும் அந்த உரிமை பலமுறை எழுத்தளவில் நின்றது. சிங்கப்பூரில் உரிமைப் பேச்சு குறைவு, ஆனால் நீதிமன்ற ஊழியர் பட்டியலிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அது அங்கே ஒரு தொழில். இந்தியாவும் 1979இல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 14ஆம் உறுப்பு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளர் உதவியை நியாயமான விசாரணையின் பகுதியாக வைக்கிறது. நம் சட்டத்திலோ, மொழிபெயர்ப்பவர் உண்மையாக மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவர் என்று சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு சொல்கிறது. அவர் யார், என்ன தகுதி, யார் சம்பளம் தருவது என்று சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் பெஞ்ச் கிளார்க்கும், வக்கீல் குமாஸ்தாவும், சில நேரம் வராந்தாவில் நிற்கும் யாரோ ஒருவரும் நிரப்புகிறார்கள். அவர்களில் நேர்மையானவர்களே மிகுதி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தரப்பு வக்கீலின் குமாஸ்தா அந்தத் தரப்பின் சாட்சியை மொழிபெயர்ப்பது எந்த நாட்டு நீதிக்கும் பொருந்தாது.

கடைசி ஆட்சேபம் பணமும் ஆளும். எல்லைக்குத் தமிழ் தெரிந்த நீதிபதிகளையே போடு என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் இடமாற்ற முறையின் நன்மை போய்விடும், சிலர் காலமெல்லாம் மலையிலேயே கிடக்க நேரும். மொழிச் சுமையை நீதிபதியின் தோளிலிருந்து எடுத்து நீதிமன்றத்தின் தோளில் வைக்க வேண்டும் என்பதே கேட்பது. தேவைப்படுகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: பாலக்காடு, சித்தூர், மண்ணார்க்காடு, மலையில் தேவிகுளம், அடிமாலி, நெடுங்கண்டம், கட்டப்பனை, பீர்மேடு, தொடுபுழைக்கு அருகில் மாவட்ட நீதிமன்றம் இருக்கும் முட்டம். ஒவ்வொன்றிலும் தமிழ் படிக்கவும் எழுதவும் தேர்ந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் பணியிடம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் மாவட்டம்தோறும் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் வைக்கச் சொல்கின்றன. ஒரு வகை வழக்குக்கு முடியும் என்று அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. குழந்தைக்குத் தேவைப்படுவது, எழுத்தறியாத கிழவிக்கும் தேவைப்படும்.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றும் சிலர் சொல்லக்கூடும். கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழமை நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவின் பயன்பாட்டுக்கு ஒரு கொள்கை வகுத்தது. இயந்திர மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் சாட்சியத்தைக் குரலிலிருந்து எழுத்தாக்கும் கருவியைப் பயன்படுத்தச் சொன்னது. இரண்டும் நல்ல முடிவுகள், அவற்றின் வரிசைதான் இங்கே முக்கியம். சரிபார்க்கும் ஆள் இல்லாத நீதிமன்றத்தில் கருவி மட்டும் இருந்தால், பழைய பிழை வேகமாக நடக்கும், அச்சடித்த காகிதத்தில் கூடுதல் மரியாதையோடு உட்காரும். கருவியின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சாட்சியத்தை ஒலி, ஒளிப் பதிவாக எடுக்கச் சட்டம் ஏற்கெனவே இடம் தருகிறது. தமிழில் பேசிய சாட்சியின் குரல் வழக்குக் கட்டோடு சேர்ந்து எர்ணாகுளம் போனால், மொழிபெயர்ப்பு சரியா என்ற கேள்விக்கு முதன்முறையாக ஒரு சான்று இருக்கும். பிரிவி கவுன்சில் காலத்துப் பூட்டுக்குச் சாவி அதுதான். 312ஆம் பிரிவு அனுமதிக்கிறபடி சாட்சியத்தைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்தால், நீதிபதி மாறினாலும் மூலம் மாறாது.

இதில் எதற்கும் அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. உயர்நீதிமன்ற மொழி என்றால் டெல்லியின் கதவைத் தட்ட வேண்டும். கீழமை நீதிமன்ற மொழி திருவனந்தபுரத்தின் கையில் இருக்கிறது. சித்தூர், தேவிகுளம் போன்ற நீதிமன்றங்களில் மலையாளத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழையும் சாட்சியப் பதிவு மொழியாக அறிவிக்க, உயர்நீதிமன்றத்தோடு கலந்து 307ஆம் பிரிவின் கீழும் 137ஆம் பிரிவின் கீழும் கேரள அரசு வெளியிடும் இரண்டு அறிவிக்கைகள் போதும். மொழிபெயர்ப்பாளர் பணியிடங்களுக்கான நிதி ஒதுக்கீட்டை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே சேர்க்கலாம்.